ஐம்பத்தாறு மதிப்பெண்ணோடு பாண்டிச்சேரிக்கு

2008 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை நான்கரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். முகம் மழித்துக் குளித்தேன். முந்தைய நாள் நாட்குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். மனைவி புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். ஐந்தேகாலுக்குச் சைக்கிளில் லாரிக் கொட்டகையை அடைந்தேன். இதுவரை எல்லா நாளும் போலத்தான். அதற்குப் பிறகு நான் அலுவலக நாற்காலியில் உட்காரவில்லை. லாரியில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆத்தூரில் ஏழு லாரிகள் வைத்திருக்கும் ஒருவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பாண்டிச்சேரிக்கு எத்தனையோ லாரிகளை அனுப்பியிருக்கிறேன். நான் போனதில்லை. இந்த முறை முதலாளியே, "நீங்க ஒரு நடை கூடப் போய்ப் பாத்துட்டு வாங்க. தப்பு நம்ம ஆள் மேலயா, அவங்க மேலயான்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லி அனுப்பினார்.

விஷயம் இதுதான். நாங்கள் மரவள்ளி மாவு ஏற்றிச் செல்லும் பாண்டிச்சேரித் தொழிற்சாலை, ஜனவரி முதல் தேதியிலிருந்து ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தது. லாரிக்குள் கண்ணாடிக்குக் கீழே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. லாரி எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எங்கே நின்றது எல்லாவற்றையும் அது செயற்கைக்கோள் வழியாகக் கண்டு தொழிற்சாலைக் கணினிக்கு அனுப்பும். மாதம் பிறந்தால் எல்லோருக்கும் நூறு மதிப்பெண். திடீரென்று பிரேக் அடித்தால் இரண்டு போகும். அனுமதியில்லாத இடத்தில் நின்றால் மூன்று. வழி மாறினால் மூன்று. மதிப்பெண் குறையும்போதெல்லாம் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். எதற்காக என்று சொல்லாது. தொழிற்சாலை வாசலிலும் மீதி எவ்வளவு என்று மட்டுமே சொல்வார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் வாசல் பதிவிலிருந்து ஓட்டுநரின் பெயரை அடித்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு உள்ளே நுழைய முடியாது.

எங்கள் ஓட்டுநர் செல்வத்துக்கு இந்த மாதம் மூன்று நடையிலேயே ஐம்பத்தாறு ஆகியிருந்தது. இது நான்காவது நடை. பெயர் போனால் பாண்டி லோடு அவருக்கு இல்லை. வேறு லோடு கொடுக்க முதலாளியிடம் வேறு நிரந்தர ஒப்பந்தமும் இல்லை.

செல்வத்துக்கு நாற்பத்தொரு வயது. விழுப்புரத்துக்குக் கிழக்கே வளவனூர்ப் பக்கம் சொந்த ஊர். அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே நெல்லும் கரும்பும் போடுகிறார்கள். இவர் மட்டும் ஆத்தூரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். பதினெட்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். ஒரு விபத்தும் இல்லை.

காலை 5.30. கிளம்பினோம். உளுந்தூர்ப்பேட்டை வரை எண்பத்திரண்டு கிலோமீட்டர். சின்னசேலத்தில் நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போது டீக்கடைகளில் ஆவி பறந்தது. நான் ஆசையோடு பார்த்ததைச் செல்வம் கவனித்துவிட்டார்.

"நிறுத்த முடியாது சார். உளுந்தூர்ப்பேட்டையில ஒரே ஒரு எடம் எழுதிக் குடுத்துருக்காங்க. இருபது நிமிசம். டீ, டிபன், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் அங்கதான்."

"அவசரம் என்றால்?"

"அவசரத்துக்கு மூணு மார்க்கு."

தியாகதுருகத்துக்கு அப்பால் ஒரு நெல் லாரி அச்சு முறிந்து ஓரமாகச் சாய்ந்திருந்தது. அதன் ஓட்டுநர் சாலையில் நின்று கை காட்டினார். செல்வம் ஹாரன் அடித்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நான்கைந்து கிலோமீட்டர் போயிற்று. பிறகு, "ஜனவரிக்கு முன்னாடி இப்பிடிப் போனது கெடையாது சார்" என்றார்.

காலை 8.40, உளுந்தூர்ப்பேட்டை. நான்கு இட்லி பன்னிரண்டு ரூபாய், டீ மூன்று ரூபாய். இட்லி சுமார், சாம்பார் நன்று. பத்தொன்பதாவது நிமிடம் செல்வம் ஸ்டியரிங்கில் இருந்தார்.

விழுப்புரம் தாண்டியபோது மணி 10.15. அங்கிருந்து பாண்டிச்சேரி முப்பத்தொன்பது கிலோமீட்டர். கோலியனூர் போனதும் இரு பக்கமும் கரும்பு. செல்வத்தின் முகம் சொந்த ஊர்க் காற்றில் கொஞ்சம் தெளிந்தது. வளவனூர்க் கடைத்தெருவுக்குச் சற்று முன்னால் ஒரு பெண்மணி மொபெட்டில் இரண்டு பால் கேன்களோடு, கை காட்டாமல் வலது பக்கம் திரும்பினார். செல்வம் பிரேக்கை அழுத்தினார். முதுகுக்குப் பின்னால் பத்து டன் மாவும் எங்களோடு முன்னால் வர முயன்றது. நாங்கள் நின்ற இடத்துக்கும் மொபெட்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி ஓட்றியா, எரும மேய்க்கிறியா?" என்று செல்வத்தைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி சிவப்பாக மின்னியது.

"ரெண்டு மார்க் போச்சு. போனா போவட்டும்" என்றார் செல்வம். ஆனால் உடனே கியர் போடவில்லை. "அதுக்கில்ல சார். அடிக்கலாமா வேணாமான்னு ஒரு அரை செகண்டு யோசிச்சேன். பதினெட்டு வருசத்துல பிரேக்குல கால் வெக்கறதுக்கு நான் யோசிச்சதே இல்ல. அந்த அரை செகண்டுதான் இப்ப பயமுறுத்துது."

இதை அப்படியே எழுதிவைத்தேன். பாதுகாப்புக்காகப் போட்ட விதி ஒரு நல்ல ஓட்டுநரின் காலை அரை நொடி பிடித்து வைத்திருந்தது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மதகடிப்பட்டு. சாலையின் இரு பக்கமும் திடீரென்று பிராந்திக் கடைகள். ஒன்று முடிந்தால் அடுத்தது. பெட்ரோல் பங்குகளிலும் லாரி வரிசை. இங்கே டீசல் லிட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் மலிவு. திருபுவனை வரை இப்படி. பிறகு கடைகள் சட்டென்று நின்றுபோயின. நின்ற இடத்தில் பெட்டி மின்னியது. செல்வம் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தார். கண்டமங்கலம் வந்தது; வயல், பள்ளிக்கூடம், மரத்தடி. அது தாண்டி அரியூர். அங்கே மறுபடியும் பிராந்திக் கடைகள் தொடங்கின. தொடங்கிய இடத்தில் பெட்டி மறுபடியும் மின்னியது.

"நீங்க ஏதாவது செய்தீங்களா?"

"ஒண்ணும் செய்யல சார். வரும்போதும் ரெண்டு தபா, போவும்போதும் ரெண்டு தபா. அதுவும் போவும்போது வேற எடத்துல. கரண்டுக் கம்பியாலன்னு ஒருத்தன் சொல்றான். மேடு பள்ளத்தாலன்னு ஒருத்தன். அதான் இந்த எடத்துல எல்லாரும் மாட்டு வண்டி மாதிரி போறோம். அப்பிடியும் வுட மாட்டேங்குது. இந்த டப்பாவுக்குப் பிராந்திக் கடையப் பாத்தா கண்ணு செவந்துடுது சார், அவ்ளோதான்."

காலை 11.50. வில்லியனூர் வழியாக நகர எல்லைக்கு வந்து, வடக்கே திரும்பி, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் லாரி முனையத்தை அடைந்தோம். ஆத்தூரிலிருந்து மொத்தம் நூற்று அறுபத்தாறு கிலோமீட்டர். எங்கள் முறை வர அரை மணி ஆகும் என்றார்கள். முனையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி. செல்வத்தைக் கண்டதும், "வாய்யா ஆத்தூரு. இன்னும் உன் பேர அடிக்கலியா?" என்றார்.

இவர் காதர் பாய். நகரத்துக்குள்ளேயே முல்லா வீதிக்காரர். விழுப்புரம் ரயில் கிடங்கிலிருந்து இதே தொழிற்சாலைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லோடு அடித்தவர். ஜனவரி பாதியிலேயே பெயர் அடிபட்டு, மச்சானின் டீக்கடையில் நிற்கிறார்.

"முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்ச கை. இப்ப வடிகட்டி புடிக்குது" என்றார் என்னிடம். "நானும் எல்லாம் பண்ணிப் பாத்தேன் சார். அந்தப் பெட்டி மேல ஈரத்துணி போத்தினேன். எலுமிச்சங்கா கட்டச் சொன்னான் ஒருத்தன், அதையும் கட்டினேன். எங்க பள்ளிவாசல்ல ஓதின கயிறும் கட்டினேன். எல்லா சாமியும் கைய விரிச்சிட்டாங்க."

"திண்டிவனம் ரோட்ல வர்றவனுக்கெல்லாம் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு" என்றார் செல்வம்.

"அவுங்க நல்ல புள்ளைங்க. விழுப்புரம் ரோட்டு ஆளுங்க முரடனுங்கன்னு வாசல்ல பேரே வெச்சிட்டான். உனக்கு ஒரு வடிகட்டி எடுத்து வெக்கட்டா?"

செல்வம் சிரிக்கவில்லை. காதர் பாய் டீக்குக் காசு வாங்கவில்லை.

பகல் 12.40. தொழிற்சாலை வாசல். காவலர் கணினியைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டு" என்றார். மாவை இறக்கலாம், அத்தோடு சரி. திரும்பும் லோடு கிடையாது என்றார். சுமைக்காரர்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே செல்வத்தின் பெயர் மேல் கோடு விழுந்தது. அவர் தார்ப்பாயை மடித்தார். நான்கு மூலையும் சரியாக வரும்வரை இரண்டு முறை பிரித்து மடித்தார்.

நான் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முதலாளியின் கடிதம் இருந்ததால் விட்டார்கள். செல்வத்தையும் அழைத்துப்போனேன்.

அதிகாரி முப்பது வயதுப் பெண். பெயர் நிர்மலா. கோயம்புத்தூர்க்காரர். இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றார். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. இவருக்கு வழி மாறினதுக்குத்தான் அதிகமாப் போயிருக்கு. ஒவ்வொரு நடையிலயும் வழி மாறியிருக்காரு."

"வழி மாறினனா?" என்றார் செல்வம். "மேடம், விழுப்புரத்துலேருந்து இங்க ஒரே ரோடு. மாறணும்னா கரும்புக் கொல்லையிலதான் வுடணும்."

"கணினி அப்படித்தான் காட்டுதுங்க."

"கணினிய நான் கொற சொல்லல. அது பிராந்திக் கடையக் கண்டா செவக்குது. கடை முடிஞ்சா செவக்குது. குடிக்கிறவன் கூட ஒரு எடத்துலதான் தடுமாறுவான். நான் குடிக்கிற ஆளே இல்ல."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் சிரித்தார். நிர்மலா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தக் கடை? எங்க இருக்கு?"

"ஒரு கடையா மேடம், சொல்றதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்ததாகச் சொன்னேன். மதகடிப்பட்டில் கடைகள், பிறகு இல்லை, அரியூரில் மறுபடி கடைகள் என்றேன். தான் திண்டிவனம் சாலையில்தான் வருவதும் போவதும், விழுப்புரம் பக்கம் போனதே இல்லை என்றார். சற்று யோசித்துவிட்டு, "லாரி காலியாத்தானே இருக்கு? வாங்க, காட்டுங்க" என்று எழுந்தார்.

பிற்பகல் 2.20. நிர்மலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்வம் சொன்ன இடங்களில் கால் வைத்து லாரியில் ஏறினார். நான் நடுவில், அவர் ஜன்னல் ஓரத்தில். அவருக்குக் கீழே விரித்துக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தார் செல்வம். தொழிற்சாலை அதிகாரியை உட்காரவைத்துப் பழக்கமில்லாத லாரி அது.

வில்லியனூர் தாண்டி அரியூர். கடைகளை அவர் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார். கடைகள் முடிந்தன. பெட்டி சும்மா இருந்தது.

"இங்க செவக்கலையே?"

"வரும்போது இங்கதான் மேடம். போவும்போது இங்க செவக்காது. அப்பால செவக்கும்."

கண்டமங்கலத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. அதன் நெற்றியில் 'தமிழ்நாடு அரசு' என்று எழுதியிருந்தது. நிர்மலா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நாம பாண்டிக்குள்ளதானே இருக்கோம்?"

"இல்ல மேடம். அரியூரோட பாண்டி முடிஞ்சிது. இது தமிழ்நாடு."

"அப்போ இனிமே தமிழ்நாடுதானா?"

"இல்ல. இன்னும் கொஞ்ச தூரம் போனா திருபுவனை. அது பாண்டி."

"அதுக்கப்புறம்?"

"மதகடிப்பட்டு. அதும் பாண்டி. அத்தத் தாண்டுனா எங்க வளவனூரு. தமிழ்நாடு." செல்வம் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "வெள்ளக்காரன், பிரான்சுக்காரன் ரெண்டு பேரும் ஊரு ஊரா பிரிச்சு வெச்சிட்டுப் போயிட்டாங்க. எங்க சித்தப்பா வூடு தமிழ்நாடு, கொல்ல பாண்டி. ஏன் மேடம்?"

"நிறுத்துங்க."

"நிறுத்தினா மூணு மார்க்கு."

"அது என் கணக்கு. நிறுத்துங்க."

லாரியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். பெட்டி கடமை தவறாமல் மின்னியது. நிர்மலா அதைப் பொருட்படுத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். தலைமை அலுவலகம் நாடு முழுவதற்கும் ஒரே விதி போட்டிருக்கிறது: ஒரு பக்கப் பயணத்தில் மாநில எல்லையை ஒரு முறை தாண்டலாம். இரண்டாம் முறை தாண்டினால் வழி மாறியதாகக் கணக்கு. இந்தச் சாலையிலோ முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று எல்லை. முதல் எல்லைக்கு மன்னிப்பு. மற்ற இரண்டுக்கும் மூன்று மூன்று மதிப்பெண். திண்டிவனம் சாலையில் எல்லை ஒன்றுதான். அதனால் அங்கே வருபவர்கள் நல்ல பிள்ளைகள்.

செல்வம் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து தாண்டிக்கொண்டிருக்கும் எல்லை அது. அதை ஒரு தகவலாக யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்கோ, காதர் பாய்க்கோ, இந்தச் சாலையில் வரும் வேறு எவருக்குமோ தோன்றியதே இல்லை.

"வண்டிய எடுங்க. வழக்கமாப் போற வேகத்துலயே போங்க" என்றார் நிர்மலா. "முதல் பிராந்திக் கடை தெரியட்டும், நான் சொல்றேன்."

ஜனவரிக்குப் பிறகு அந்த இடத்தில் செல்வம் நாற்பத்தைந்தில் போனது அன்றுதான். தூரத்தில் ஒரு கடையின் பச்சைப் பலகை தெரிந்தது.

"இப்போ" என்றார் நிர்மலா.

மின்னியது.

திருபுவனை போனது, மதகடிப்பட்டு போனது. கடைசிக் கடையைத் தாண்டும்போது நிர்மலா விரலை மட்டும் நீட்டினார். பெட்டி அவர் விரலுக்குக் கட்டுப்பட்டதுபோல் மின்னியது. செல்வம் ஹாரனை ஒருமுறை நீளமாக அழுத்தினார்; எதிரே யாரும் இல்லை.

"என்னாத்துக்குங்க அது?" என்றார் நிர்மலா.

"சும்மா மேடம். ஹாரனுக்கு மார்க் இல்ல."

திரும்பும் வழியில் வளவனூர் மொபெட்டையும் அந்த அரை நொடியையும் நான் அவரிடம் சொன்னேன். அவர் செல்வத்தையே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிரேக் விதியைத் தன்னால் மாற்ற முடியாது, மேலே எழுதிக் கேட்பேன் என்றார். அந்த இரண்டு மதிப்பெண் போனது போனதுதான்.

மாலை 4.10. அலுவலகத்தில் அவர் தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசினார். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். கண்ணாடிக்கு உள்ளே அவர் கையால் காற்றில் வளைந்து வளைந்து கோடு போட்டுக் காட்டியது தெரிந்தது. தொலைபேசியில் அதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு வெளியே வந்தார். பிற்பகல் சோதனையில் போனதைக் கணக்கில் சேர்க்காமல், எல்லைக்காகக் கழித்த நாற்பத்திரண்டு மதிப்பெண்ணையும் செல்வத்துக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"தொண்ணூறு" என்றார். "நாளைக்குக் காலைல லோடு எடுத்துக்குங்க. இந்த ரோட்ல பேர் அடிச்ச ஆறு பேரையும் திரும்பச் சேர்த்தாச்சு."

செல்வம் கும்பிட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் என்னையும் கும்பிட்டார்.

டீக்கடைக்குப் போய்ச் சொன்னபோது காதர் பாய் நம்பவில்லை. மூன்று முறை கேட்டார். பிறகு, "அடப்பாவி, ரெண்டு சர்க்காரு சேந்து என்னை டீ ஆத்த வெச்சிதா" என்று சொல்லி, பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சுற்றி நின்ற ஓட்டுநர்களுக்குச் செய்தி பரவியது. முனையத்துக்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்னொன்று பதில் கொடுத்தது. சிறிது நேரத்தில் எத்தனை அடிக்கின்றன என்று சொல்ல முடியவில்லை. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு யாரோ அமைச்சர் வருகிறார் என்று பார்த்தார்கள்.

மாலை 6.15. காதர் பாய் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். ஆத்தூரில் ஒரு தெருவாவது வளையாமல் போனதாக எனக்கு நினைவில்லை. இங்கே தெருக்கள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராகக் கடலுக்குப் போகின்றன. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் தடுப்பு வைத்திருந்தார். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி எதுவும் வரக்கூடாது. குடும்பங்களும் கிழவர்களும் தார்ச்சாலையின் நடுவில் நடந்தார்கள். செல்வம் சற்றுத் தயங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பதினெட்டு வருசம் ரோட்லதான் இருக்கறேன். நட்ட நடுவுல நடக்கறது இதான் மொத தபா" என்றார்.

"நடக்கறது நட. கைய ஏன் அப்டி வீசற, யாராவது மேல பட்டா எறநூறு மார்க்கு போவும்" என்றார் காதர் பாய்.

இரவு முல்லா வீதி அருகே ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். பிளேட் நாற்பத்தைந்து ரூபாய். ஆத்தூரைவிடப் பத்து ரூபாய் அதிகம், அரிசி மெல்லியது. எட்டரைக்குக் காதர் பாய் அவசரமாக எழுந்துபோனார். தன் பழைய லாரி முதலாளி வீட்டில் சாவி கேட்க வேண்டுமாம். நான் முனையத்துக்கு அருகே நூற்றைம்பது ரூபாய் அறையில் படுத்தேன். செல்வம் லாரியிலேயே படுத்தார்.

ஒரு விதி தவறாக இருந்ததற்கு அதை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தச் சாலையை ஆத்தூரில் உட்கார்ந்து எழுதியவன்தான். போய்ப் பார்க்கும்வரை எனக்கும் அது ஒரே கோடாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 27, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு முன்பே செல்வம் என் அறைக் கதவைத் தட்டினார். குளித்து, துவைத்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். "வாசல்ல நம்ம வண்டிதான் மொதல்ல நிக்கணும் சார்" என்றார். முகம் கழுவிக்கொண்டு ஏறினேன். தொழிற்சாலைத் தெருவில் திரும்பியபோது, பூட்டிய வாசலுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து வெள்ளைத் தாடி எட்டிப் பார்த்தது.

"நீ ரெண்டாவது" என்றார் காதர் பாய்.

செல்வம் அவருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஆறு மணிக்குக் காவலர் வந்து கம்பியைத் தூக்கினார். முதலில் காதர் பாயின் பெயரைக் கூப்பிட்டார். அடுத்து, "செல்வம், ஆத்தூர்" என்றார்.

"இதோ இருக்கேன்" என்று சொல்லி, செல்வம் சாவியைத் திருப்பினார்.